மிஞ்சிய ஏழு பணிஸ்

அன்புள்ள மகன்,

புல்மோட்டையிலிருந்து நீ போட்ட கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. உனக்கு மூன்றாம் வகுப்பைத் தந்திருக்கிறார்கள் என்றும், மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளும் மணல் ஆலையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளும் ஒரே வாங்கில் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்றும், வகுத்தல் கணக்கு ஒருவருக்கும் பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தாய். நான் படிப்பித்த காலத்தில் வைத்திருந்த தகரப்பெட்டியை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். கடற்கரையில் பொறுக்கிய சோகிகளைக் கழுவிக் காயவைத்து, தேங்காய்ச் சிரட்டைகளைத் துடைத்து, ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகப் புதிய நூலால் கட்டி அடுக்கிவிட்டேன். நாளைக்குக் காலை பஸ்ஸில் அனுப்புகிறேன். நீ அதோடு நிறுத்தியிருந்தால் நானும் இரண்டு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். என்னைப் பற்றி வகுப்பில் சொன்னாயாம். அம்மா தனக்குக் கிடைத்த பணிஸைத் தின்னாமல் எனக்குக் கொண்டுவந்து தந்து என்னை உயிர்ப்பித்தா என்று சொன்னாயாம். அதைக் கேட்டு முன்வாங்கில் இருந்த ஒரு பெண்பிள்ளை அழுதுவிட்டதாம்.

என் பிரியாவிடை வைபவத்திலும் இதைத்தான் சொன்னாய். கழுத்தில் மாலையோடு மேடையில் இருந்தேன். நீ ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "பாடசாலையில ரீச்சர்மாருக்கு ஆளுக்கொரு பணிஸ் குடுப்பினம். என்ர அம்மா ஒருநாளும் அதைச் சாப்பிடேல்ல" என்று சொன்னபோது சனம் கை தட்டியது. பழைய மாணவிகள் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நீ ஒரு சொல்லையும் கூட்டிச் சொல்லவில்லை, மகன். உன் சின்ன வயதில் நான் உனக்குச் சொன்னதைத்தான் நீ அப்படியே சொன்னாய். அது பொய். ரீச்சர்மாருக்கு ஒருநாளும் பணிஸ் தந்ததில்லை. நீ தின்ற பணிஸ் என் வகுப்புப் பிள்ளைகளுடையது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாது என்றபடியால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் நிறுத்த முடியாது. நீ இப்போது வாத்தியாராகிவிட்டாய். ஆகவே வகுப்பறையில் நடந்ததை வகுப்பறையில் நடந்தபடியே சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் கப்பற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன அடுத்த வருடம் அது. தளத்துக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்த உன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. கொழும்பில் வேலை தேடப் போனவர் மாதத்துக்கொரு கடிதம் போடுவார், இன்னும் ஒன்றும் சரிவரவில்லை என்று. நான் துறைமுகத்துக்குப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ எனக்காகச் சாட்டுத் தேடக்கூடாது. நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. என் சம்பளம் வந்தது. சோறு இருந்தது, மீன் இருந்தது. அந்த வருடம் உனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்தது. இருபத்தொரு நாள் கிடந்தாய். காய்ச்சல் விட்ட பிறகு நீ ஒன்றையும் வாயில் வைக்க மறுத்தாய். கஞ்சியைத் துப்பினாய். பாலைத் தட்டிவிட்டாய். உன் கை ஈர்க்குப்போல இருந்தது. மருந்து தருகிற அப்போத்திக்கரி ஐயா உன் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "பிள்ளை எதைக் கேட்டாலும் குடுங்கோ, ஆனா மெதுவான சாப்பாடாய் இருக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பத்து மணி இடைவேளைக்கு அரசாங்கம் பணிஸ் கொடுத்தது. உள்ளங்கையளவு இனிப்பு ரொட்டி, பேக்கரியிலிருந்து ஓலைக் கடகத்தில் வரும். இடாப்பில் எத்தனை பெயரோ அத்தனை பணிஸ் ஒவ்வொரு வகுப்புக்கும். என் வகுப்பு இடாப்பில் முப்பத்தெட்டுப் பெயர். ஆனால் முப்பத்தெட்டுப் பேரும் வந்த நாளே கிடையாது. ஒருவன் வலை இழுக்கிற இடத்துக்குப் போயிருப்பான், ஒருத்தி கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் நின்றிருப்பாள். மிஞ்சினால் வந்திருக்கிற பிள்ளைகளுக்கே கொடுத்து முடிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. கொடுத்தோமா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை.

அதுவரை நான் வகுத்தலைப் படிப்பித்த விதத்தையும் நீ அறிய வேண்டும். வாய்ப்பாட்டைக் கத்தச் சொல்வேன். பிழைவிட்டால் கோடு போடுகிற அடிமட்டத்தின் விளிம்பால் விரல் மொழியில் ஒன்று. ஏழு வருடம் அப்படித்தான் படிப்பித்தேன். பிள்ளைகள் என் கையைப் பார்த்தார்கள், கரும்பலகையைப் பார்க்கவில்லை. அந்த வகுப்பில் செல்வராணி என்று ஒரு பிள்ளை இருந்தாள். எட்டு வயது. தகப்பன் கப்பலில் மூட்டை இறக்குகிறவர், தாய் வீடுகளில் மா இடிக்கப் போகிறவ. வீட்டில் இவளுக்குக் கீழே நாலு பேர். கடகத்தைத் தூக்கிப் பணிஸ் பகிர்கிற வேலையை நான் அவளுக்குக் கொடுத்திருந்தேன். சிலேட்டில் பதினைந்தை மூன்றால் வகுக்கத் தெரியாத பிள்ளை, கடகத்தோடு எழும்பினால் வகுப்பை ஒருதரம் பார்த்துவிட்டு, "ரீச்சர், இண்டைக்கு அஞ்சு மிஞ்சும்" என்று சொல்லிவிடுவாள். ஒருநாளும் பிழைத்ததில்லை. "எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். "வராத ஆக்களின்ர இடம் தெரியுதுதானே ரீச்சர்" என்றாள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது. அடிமட்டத்தை அலுமாரியில் வைத்தேன். சோகியும் சிரட்டையும் கொண்டுவரச் சொன்னேன். பன்னிரண்டு சோகியை மூன்று சிரட்டைக்குள் ஒவ்வொன்றாகப் போட்டு, ஆளுக்கு எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். அடுத்த நாள் அதே பன்னிரண்டை மும்மூன்றாக எடுத்து வைத்து, எத்தனை பேருக்குக் காணும் என்று கேட்டேன். இரண்டுக்கும் விடை நாலுதான், ஆனால் கை செய்கிற வேலை வேறு. நீயும் இந்த இரண்டையும் வேறு வேறு நாளில் காட்டு, மகன். ஒரே நாளில் காட்டினால் பிள்ளை குழம்பும். கை பழகிய பிறகு வாயால் சொல்லட்டும், வாயால் சொன்ன பிறகு சிலேட்டில் எழுதட்டும். பெரிய எண்ணுக்குப் போகும்போது ஈர்க்குக் கட்டை எடு. ஐம்பத்திரண்டை நாலு பேருக்குப் பிரிக்க வேண்டுமென்றால், ஐந்து கட்டும் தனியாக இரண்டு ஈர்க்கும். ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்ததும் ஒரு கட்டு மிஞ்சும். அந்தக் கட்டைப் பிள்ளையே அவிழ்க்க வேண்டும், நீ அவிழ்க்காதே. அவிழ்த்த பத்தோடு இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு, ஆளுக்கு மூன்று. நூலை அவிழ்க்கிற அந்த இடத்தில்தான் பிள்ளைகளின் முகம் மாறும். அது எனக்கு எந்தக் காலத்திலும் அலுக்கவில்லை.

இடைவேளைக்கு முதல் பணிஸையும் பாடமாக்கினேன். எத்தனை பணிஸ், எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை, மீதி எத்தனை. பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள், நான் கரும்பலகையில் எழுதுவேன். மீதி ஐந்து, மீதி ஏழு. மீதியைத் துணியால் மூடி என் மேசையில் வைப்பேன். முதல் நாள் அதிலிருந்து ஒன்றைக் கடுதாசியில் சுற்றி உனக்குக் கொண்டுவந்தேன். நீ அதைக் கையில் வாங்கி மணந்து பார்த்தாய். பிறகு ஓரத்தைக் கடித்தாய். ஒரு மாதத்துக்குப் பிறகு நீ விழுங்கியதை அன்றுதான் கண்டேன். குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த ஒன்றுக்காக நான் வெட்கப்படவில்லை, அதை மறைக்கவும் மாட்டேன். தலைமை ஆசிரியரிடம் கேட்டிருந்தால் அவரே தந்திருப்பார். நான் கேட்கவில்லை. "இது எங்கால அம்மா?" என்று நீ கேட்டாய். "ரீச்சர்மாருக்குத் தாறவை. எனக்குப் பசியில்லை" என்றேன். அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்தது.

இரண்டு கிழமையில் நீ தேறிவிட்டாய். சோறு தின்றாய், முற்றத்தில் ஓடினாய். ஆனால் பணிஸ் நிற்கவில்லை. பின்னேரம் நான் வருகிற நேரம் பார்த்துப் படலையில் நிற்பாய். வெறுங்கையோடு வர எனக்கு மனம் வரவில்லை. பிறகு ஒன்று இரண்டாயிற்று. பிறகு மிஞ்சிய எல்லாமும் என் பைக்குள் போயின. உன் அத்தை வந்தால் தேத்தண்ணியோடு வைத்தேன். ஒருநாள் நானும் தின்றேன். நல்ல ருசியாக இருந்தது. இதை எழுதும்போது எனக்கு முகம் எரிகிறது. ஆனால் எழுதாவிட்டால் நோயாளிப் பிள்ளைக்காகச் செய்தா என்று நீ முடித்துவிடுவாய். வெறுங்கடகத்தைத் தலைமை ஆசிரியரின் கந்தோருக்குக் கொண்டுபோய் வைக்கிறவள் செல்வராணி. மீதி கடகத்துக்குள் இல்லை, பிள்ளைகளின் கையிலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதபடியால் அவளுக்குத் தெரியாது என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சோகியும் சிரட்டையும் வைத்து நான் படிப்பிக்கிறேன் என்ற கதை வெளியே போய்விட்டது. அந்தக் காலத்தில் பாடசாலைகளைப் பார்வையிட வருகிற அதிகாரியை வித்தியாதரிசி என்போம். அவர் என் பாடத்தைப் பார்க்க வருகிறார் என்று தலைமை ஆசிரியர் வந்து சொன்னார். எனக்கு நிலத்தில் கால் படவில்லை. நல்ல சீலை உடுத்திக்கொண்டு போனேன். மாரி காலம், மழை, ஏழு பேர் வரவில்லை. வித்தியாதரிசி பின்னுக்கு ஒரு கதிரையில் இருந்தார், தலைமை ஆசிரியர் கதவடியில் நின்றார். ஈர்க்குப் பாடம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போயிற்று. "கட்டு மிஞ்சிப்போச்சு, இனி என்ன செய்யிறது?" என்று கேட்டதும் முப்பத்தொரு பிள்ளைகளும், "அவிழ்க்கிறது ரீச்சர்!" என்று கத்தினார்கள். வித்தியாதரிசி சிரித்துக்கொண்டு கொப்பியில் ஏதோ எழுதினார். அதோடு முடித்திருக்கலாம். எனக்கு இன்னும் கொஞ்சம் புகழ் வேண்டியிருந்தது. பணிஸ் கடகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முப்பத்தெட்டுப் பணிஸ், முப்பத்தொரு பேர். ஆளுக்கு ஒன்று, மீதி ஏழு. கரும்பலகையில் எழுதிவிட்டு, "மீதி எண்டா இனிப் பிரிக்க ஏலாதது. அதை ஒரு பக்கம் வைப்பம்" என்றேன்.

செல்வராணி கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், ஈர்க்குக் கட்டு மிஞ்சினா அவிழ்க்கச் சொன்னீங்கள். பணிஸ் மிஞ்சினா ஏன் பிய்க்கக் கூடாது?"

அவளே தொடர்ந்தாள். "ஒரு பணிஸை நாலாய்ப் பிய்ச்சா, ஏழு பணிஸும் இருபத்தெட்டுப் பேருக்குக் காணும். மற்ற மூண்டு பேரும் நாளைக்கு முதல்ல எடுக்கட்டும். வீட்டில நாங்கள் அப்பிடித்தான் ரீச்சர்."

மகன், முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தேன். அதைவிட நல்ல கேள்வியை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்கவில்லை. பின்னங்களுக்குப் போகிற வழியை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்து என் முன்னால் வைத்தாள். நான் அவளைத் தூக்கி அணைத்திருக்க வேண்டும். "அது மேல்வகுப்புக் கணக்கு. இரு" என்றேன். வித்தியாதரிசிக்கோ கேள்வி பிடித்துப்போயிற்று. அவர் எழுந்து வந்து, "பிள்ளை நல்லாத்தான் கேட்கிறாள். அது சரி ரீச்சர், மிஞ்சிற பணிஸை நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?" என்றார். அவர் ஒரு கபடமும் இல்லாமல் கேட்டார். "பிள்ளைகளுக்குத்தான் ஐயா" என்று சொல்லியிருந்தால் போதும், ஆனால் முப்பத்தொரு பிள்ளைகள் அங்கே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒருநாளும் இரண்டாவது பணிஸ் கிடைத்ததில்லை. செல்வராணி இன்னும் இருக்காமல் நின்றாள். என் கை அவள் பக்கம் நீண்டது.

"இவளுக்குத்தான் குடுக்கிறனான் ஐயா. வீட்டில சின்னப் பிள்ளையள் நாலு பேர், கஷ்டப்பட்ட குடும்பம். வீட்டுக்குக் கொண்டு போவாள்."

"அப்பிடியோ பிள்ளை?" என்று வித்தியாதரிசி அவள் தலையைத் தடவிக் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் பார்வை அது. பிறகு, "ஓம் ஐயா" என்றாள்.

வித்தியாதரிசி என்னை வாயாரப் புகழ்ந்து அறிக்கை எழுதினார். அதற்குப் பிறகுதான் மற்றப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் நான் இந்தப் பாடத்தைச் செய்து காட்டப் போனேன். என் பெயர் எடுபட்டது அங்கிருந்துதான். அந்த அறிக்கையின் பிரதியைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு நம் வீட்டுச் சுவரில் வைத்திருந்தேன், நீ பார்த்திருக்கிறாய்.

பயத்தில் அடுத்த நாளிலிருந்து பணிஸை எடுப்பதை நிறுத்தினேன். மீதியை நானே கந்தோரில் கொண்டுபோய் வைத்தேன். பகிர்கிற வேலையை வேறொரு பிள்ளைக்கு மாற்றினேன். செல்வராணி ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகிற மணி அடித்த பிறகு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் நிற்பாள். நான் கொப்பி திருத்துகிற மாதிரித் தலையைக் குனிந்திருப்பேன். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று மிரட்டுகிறாளோ என்று நினைத்தேன். எட்டு வயதுப் பிள்ளையை அப்படி நினைத்தேன். அவள் நின்றுவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சும்மா விடவில்லை. ஏழு பணிஸும் இவளுக்கோ என்று கதை வீடுகளுக்குப் போயிற்று. அவளை 'மீதி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இரண்டு தாய்மார் வந்து தலைமை ஆசிரியரிடம் முறையிட்டார்கள். அவர் செல்வராணியின் தாயைக் கூப்பிட்டனுப்பினார். என்னையும் கந்தோருக்கு வரச் சொன்னார். தாய் மா படிந்த கையோடு வந்து, செல்வராணியோடு வாசலில் நின்றா. விசயத்தைக் கேட்டதும் அவவுக்கு விளங்கவே இல்லை.

"என்ர பிள்ளை ஒரு பணிஸும் வீட்டை கொண்டு வரேல்ல ஐயா. என்ர சின்னதுகள் மேல சத்தியமாய்."

தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்தார். "என்ன ரீச்சர்?"

வித்தியாதரிசிக்கு முன்னால் சொன்னது பதற்றத்தில் வந்தது என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். இதற்கு அப்படிச் சொல்ல இடமில்லை. எனக்கு யோசிக்க ஒரு கிழமை கிடைத்திருந்தது. கூப்பிட்டனுப்பிய செய்தி வந்த பிறகும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் நன்றாக யோசித்துவிட்டு நிதானமாகச் சொன்னேன்: "வழியில சாப்பிட்டிருப்பாள் ஐயா. சின்னப் பிள்ளைதானே."

தாய் திரும்பிச் செல்வராணியின் கன்னத்தில் அடித்தா. ஒரு அடி இல்லை. "சின்னதுகள் அங்க அழுகுதுகள், நீ தனிய இருந்து திண்டனியோடி?" என்று கேட்டுக் கேட்டு அடித்தா. செல்வராணி கையை உயர்த்தி முகத்தை மறைக்கவும் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அடுத்த கிழமை அவள் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை. சட்டப்படி நான் வீடு தேடிப்போய்க் கேட்டிருக்க வேண்டும். தாயோடு மா இடிக்கப் போகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இடாப்பில் அவள் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் வரவில்லை என்று போட்டு வந்து, தவணை முடிவில் சிவப்பு மையால் பெயரை வெட்டினேன். நேராக வெட்ட வேண்டும் என்று அடிமட்டம் வைத்து வெட்டினேன்.

அதற்குப் பிறகு மிஞ்சியதையெல்லாம் பிய்த்துப் பகிர்ந்தேன். அவள் சொன்ன மாதிரியே, நாலாகப் பிய்த்து, கிடைக்காதவர்கள் நாளைக்கு முதலில். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் பின்னத்தை அப்படித்தான் படித்தார்கள். அதை என் முறை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை. இந்த இருபது வருடத்துக்கு மேலான காலத்தில் அவளை நாலைந்து தடவை கண்டிருக்கிறேன். சந்தையில், கடற்கரை வீதியில், ஒருமுறை ஆஸ்பத்திரி வரிசையில். ஒவ்வொரு முறையும் நான்தான் வேறு பக்கம் திரும்பிப் போனேன்.

உன் கடிதம் வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் சொன்ன பொய் இனி உன் வாயால் இன்னொரு ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடமாகப் போகிறது. வியாழக்கிழமை விசாரித்துக்கொண்டு அன்புவழிபுரத்துக்குப் போனேன். தகரம் போட்ட சின்ன வீடு. புருஷன் துறைமுகத்தில் வேலை, மூன்று பிள்ளைகள். முற்றத்தில் இருந்து மா அரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி, "ரீச்சர்!" என்று கூப்பிட்டாள். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. உள்ளேயிருந்து கதிரையைத் தூக்கிவந்து சட்டைத் துணியொன்றால் துடைத்துப் போட்டாள். அந்த வீட்டில் அது ஒன்றுதான் கதிரை. நான் இருந்தேன், அவள் நின்றாள். தேத்தண்ணி வைக்கப் போனவளை மறித்து, "செல்வராணி, அண்டைக்கு நான் செய்தது…" என்று தொடங்கினேன்.

"அது கன காலம் ரீச்சர்" என்றாள்.

"உனக்குத் தெரியும்தானே, எங்க போனது எண்டு?"

"தெரியும். உங்கட வீட்டுத் தம்பிக்கு நெருப்புக் காய்ச்சல் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே. உங்கட பைக்குள்ள கடுதாசி சுத்திப் போட்டதை நான் கண்டனான்."

"பிறகேன் பிள்ளை ஓம் எண்டனீ? இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே."

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். மா ஒட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளைத்தனத்தைச் சொல்கிற மாதிரிக் கொஞ்சம் சிரித்தாள்.

"பெரிய ஆளுக்கு முன்னால சொல்லிப்போட்டீங்கள்தானே ரீச்சர். நானும் ஓம் எண்டா, அடுத்த நாளில இருந்து உண்மையாவே எனக்குத் தருவீங்கள் எண்டு நினைச்சன். மேசையடியில வந்து நிண்டு பாத்தன். நீங்கள் மறந்துபோனீங்கள்."

நான் மறக்கவில்லை. அதையும் அவளிடம் சொன்னேன். மறக்கவில்லை செல்வராணி, பயத்தில் இருந்தேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பாள். ரீச்சர் கேட்டால் ஓம் என்று சொல்கிற பழக்கம் அவளுக்கு இன்னும் இருக்கிறது, அதனால்தான் கேட்கவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "தம்பி இப்ப என்ன செய்யிறார்?"

"புல்மோட்டையில வாத்தியார்."

"அப்ப நல்லம்" என்றாள். உண்மையான சந்தோசத்தோடுதான் சொன்னாள். எனக்குப் போதிய தண்டனை அது.

மகன், நீ அந்தப் பணிஸைத் தெரியாமல் தின்றாய். ஆறு வயது. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, அதைச் சுமக்காதே. ஆனால் இனிமேல் உனக்குத் தெரியும். வகுப்பில் சொன்ன கதையைத் திருத்திச் சொல். அழுத பிள்ளைக்கு முதலில் சொல். என் பெயரை மறைக்க வேண்டாம், என் வயதைச் சொல்லி இரங்க வைக்கவும் வேண்டாம். பணிஸைப் பிய்க்கலாம் என்று கண்டுபிடித்தது யார் என்று அவளின் பெயரைச் சொல்லிச் சொல். சுவரில் இருந்த அறிக்கையை நேற்றுக் கழற்றிவிட்டேன்.

தவணை விடுமுறைக்கு நீ வருகிற நாளை எழுது. நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். வீட்டுக்குப் போகாமல் அங்கிருந்தே இருவரும் அன்புவழிபுரத்துக்குப் போவோம். நீ ஒன்றும் பேச வேண்டியதில்லை, அவள் உன்னைக் கண்ணால் கண்டால் போதும். உன்னைக் கண்டதும் அவள் அந்தக் கதிரையைத் துடைத்துப் போடுவாள். நீ இருந்துவிடாதே. நானும் இந்த முறை இருக்க மாட்டேன். அவள் அதில் இருக்கும் வரைக்கும் நாங்கள் இருவரும் நிற்போம்.

அம்மா